ஒரு மணி நேரம் கீழே போகாமல்

இன்னும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறாள். எழுந்திருக்கவே மாட்டாளா இவள்? நாலாவது மாடி பால்கனியில், கொடியில் காய்கிற போர்வைக்கும் கைப்பிடிக் கம்பிக்கும் நடுவில் தலையை நீட்டிக்கொண்டு தனசேகரன் இருபது நிமிஷமாக ஒரே இடத்தைப் பார்த்தபடி நின்றான். கீழே, காம்பவுண்டுச் சுவருக்கும், சாம்பல் நிற உறை போட்டு மூடிவைத்த ஒரு காருக்கும் நடுவில், ஆள் ஒருக்களித்துத்தான் போக முடிகிற சந்து. கார்க்காரர் அமெரிக்காவில் மகனோடு இருக்கிறார், வண்டி ரெண்டு வருஷமாக அசையவில்லை. அந்தச் சந்தில்தான் மஞ்சள் கவுனும் ஒற்றைச் சடையுமாக அவன் மகள் குறிஞ்சி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பத்து வயசு. தரையில் நிற்கிற எவர் கண்ணுக்கும் தெரியமாட்டாள்; மேலே நிற்கிற இவன் ஒருத்தனுக்குத்தான் தெரிவாள். நல்ல இடமாகத்தான் பிடித்திருக்கிறாள், கெட்டிக்காரி, வேறு யாருக்குமே தோன்றாத இடம், அதுதான் இப்போது வினையாகிப் போனது. ஏனென்றால் ஆட்டம் முடிந்துவிட்டது. ஐஸ்பாய். தேட வேண்டியவள் ரெண்டாவது மாடித் தன்ஷிகா. அவள் தூணில் முகத்தைப் பொத்திக்கொண்டு ஐம்பது எண்ணினாள், திரும்பினாள், மூணு பேரைக் கண்டுபிடித்தாள், நாலாவதாகக் குறிஞ்சியைத் தேடி ஜெனரேட்டர் பக்கம் வந்தாள், வந்தவள் சரியாக அந்தக் காருக்கு முன்னால் நின்றாள், அந்த நேரம் பார்த்து லோகித் என்கிற சுருட்டைமுடிப் பையன் கேட்டைத் தள்ளிக்கொண்டு கையில் ஒரு நாய்க்குட்டியோடு வந்தான். அவ்வளவுதான். அத்தனையும் நாய்க்குட்டியிடம் ஓடிப்போயின. யாரும் ஆட்டத்தை நிறுத்தலாம் என்று சொல்லவில்லை. குறிஞ்சியை விட்டுவிடலாம் என்று யாரும் தீர்மானிக்கவும் இல்லை. மறந்துபோனார்கள். அப்போது மணி அஞ்சு முப்பத்தஞ்சு. இப்போது அஞ்சு ஐம்பத்தஞ்சு.

போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். லிஃப்டில் இறங்கினால் ஒரு நிமிஷம். ஆனால் போகக் கூடாது, அதுதான் பேச்சு. போன ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சியிலிருந்து திரும்புகிற பஸ்ஸில் ஹேமா சொன்ன பேச்சு. அவன் பெண்டாட்டி ஹேமலதா கோபமாகப் பேசினால்கூடச் சமாளித்துவிடலாம், பதினஞ்சு வருஷப் பழக்கம். அன்றைக்குக் கோபமே இல்லாமல், இன்சூரன்ஸ் ஆபீசில் பாலிசிக்காரர்களுக்கு விளக்குகிற குரலில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். "ஏங்க, நான் ஆறு வருஷமா ஒரு வார்த்தை சொன்னதில்ல. வீட்லயே படிக்கட்டும்னீங்க, சரின்னேன். நான் வீட்ல இருந்துதானே வேலை பாக்கறேன், நானே சொல்லிக் குடுக்கறேன்னீங்க, அதுக்கும் சரின்னேன். இப்ப ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஒரே ஒரு சாயங்காலம், ஒரு மணி நேரம், அவ கீழ போயி அந்தப் புள்ளைகளோட இருக்கட்டும். நீங்க கூடப் போகாம. நீங்க போயி பேசி வெக்காம. நீங்க கீழ எறங்கலைன்னா அப்பறம் நான் வாயே தொறக்கமாட்டேன். எறங்குனீங்கன்னா ஜூன்ல ஸ்கூலு." பொள்ளாச்சியில் அவள் சித்தப்பா வீட்டுக் கிரகப்பிரவேசம். பந்தியில் யாரோ ஒரு அத்தை, "என்ன கண்ணு படிக்கிறே?" என்று கேட்டாள். "இப்ப எறும்பு படிச்சுட்டிருக்கேனுங்க" என்றாள் குறிஞ்சி. பந்தி மொத்தமும் சிரித்தது. எறும்பு என்றால் எல்லாருக்கும் சந்தோஷம்தான் போல என்று குறிஞ்சியும் கூடவே சிரித்துவிட்டு, ராணி எறும்பு தன் இறக்கையைத் தானே எப்படிப் பிய்த்துப் போடும் என்று பாயசம் ஆறிப்போகும்வரை அந்த அத்தைக்கு விளக்கினாள். அதுகூடப் போகட்டும். மாடியில் சொந்தக்காரப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு கூத்தடித்துக்கொண்டிருந்தபோது இவள் கதவோரமாக ரெண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாளாம். "அச்சு அசல் உங்களாட்டவே நிக்கறாளுங்க. நாப்பத்தியொரு வயசு ஆம்பள நிக்கறாப்ல எம் புள்ள நிக்கறா." அதைச் சொல்லும்போது மட்டும் ஹேமாவுக்குக் குரல் உடைந்தது. பஸ் கிணத்துக்கடவைத் தாண்டிக்கொண்டிருந்தது, குறிஞ்சி முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள், அவன் சரி என்றான். வேறென்ன சொல்ல முடியும்? அஞ்சேகாலுக்கு இறங்கினாள் குறிஞ்சி. ஆறேகால் வரை இவன் இந்த நாலாவது மாடியை விட்டு அசையக் கூடாது. இன்னும் இருபது நிமிஷம்.

அவள் பயப்படவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். பயந்ததெல்லாம் இவன்தான். செருப்பை மாட்டிக்கொண்டே, "அப்பா, பேரக் கேட்டுட்டுத்தான் சேரணுமா, சேந்துட்டுக் கேக்கலாமா?" என்று கேட்டாள். பத்து வயசுப் பிள்ளை கேட்கிற கேள்வியா அது? "எப்படி வேணாலும் கேக்கலாம் அம்மிணி" என்று சொல்லிவைத்தான். லிஃப்டு மூடியதும் பால்கனிக்கு ஓடிவந்தான். அவள் நேராக நடந்துபோய்ப் பிள்ளைகள் முன்னால் நின்றாள். நின்று, கை கூப்பினாள். ஐயோ சாமி, கை கூப்பி வணக்கம் சொல்கிறாள்! அவன்தான் சொல்லிக்கொடுத்தது, வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லணும் என்று. அது பெரியவர்களுக்கு மட்டும், உன் வயசுப் பிள்ளைகளுக்கு இல்லை என்று தனியாக வேறு சொல்லித்தரணும் என்று யாருக்குத் தோன்றும்? பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஒரு குண்டுப் பையன் பதிலுக்கு இடுப்பு வரை குனிந்து ஒரு கும்பிடு போட்டான், எல்லாம் சிரித்தன, குறிஞ்சியும் சிரித்தாள். ஆனால் தன்ஷிகா அவள் கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்துவிட்டாள். புண்ணியவதி. அப்புறம் சா பூ த்ரீ. அடக் கடவுளே, சா பூ த்ரீ சொல்லிக்கொடுக்கவில்லையே! பின்னம் சொல்லிக்கொடுத்தான், காந்தம் சொல்லிக்கொடுத்தான், சோப்புக் காய்ச்சச் சொல்லிக்கொடுத்தான், நொய்யல் எங்கே பிறந்து எங்கே கலக்கிறது என்று மண்ணில் கோடு கிழித்துத் தண்ணீர் ஊற்றிக் காட்டினான், ஆனால் எல்லாரும் ஒரே சமயத்தில் உள்ளங்கையையோ புறங்கையையோ காட்டணும், மாற்றிக் காட்டினவர் தப்பித்தார் என்கிற அந்த ஒரு எழவை, எந்தப் புஸ்தகத்திலும் இல்லாததை, மறந்தே போனான். மூணு தடவையும் அவள் கை அரை நொடி பிந்தி வந்தது. மற்றவர்கள் கையைப் பார்த்துவிட்டுத் தன் கையைத் திருப்பினாள். அப்படித் திருப்பினால் அழுகுணி ஆட்டம் என்று பெயர். குண்டுப் பையன் ஏதோ சொன்னான், தன்ஷிகா ஏதோ சொன்னாள், இவ்வளவு உயரத்தில் சத்தம்தான் வருகிறது, சொல் வருவதில்லை. என்ன சொல்லியிருப்பாள்? "விடுடா, அவ ஒப்புக்குச் சப்பாணி" என்றிருப்பாளோ? விவரம் தெரியாத வாண்டுகள் அழாமல் இருக்க அப்படித்தான் சேர்த்துக்கொள்வார்கள், அது அவுட் ஆனாலும் அவுட் இல்லை, ஒளிந்தாலும் ஒளிந்ததாகாது. பத்து வயசுப் பெண்ணை அப்படிச் சேர்ப்பார்களா? சேர்த்தார்களோ என்னவோ, அதனால்தான் தேடாமல் விட்டார்களோ? இல்லை, நாய்க்குட்டி. நாய்க்குட்டிதான் காரணம். எந்தப் பிள்ளை ஒளிந்திருந்தாலும் விட்டிருப்பார்கள். விட்டிருப்பார்களா?

சரி, அவர்கள் விட்டது இருக்கட்டும், இவள் ஏன் எழுந்து வரவில்லை? ஏன் என்று அவனுக்குத் தெரியும். இவர்கள் வீட்டில் மணி கிடையாது. அது அவனுக்குப் பெரிய பெருமை. ஸ்கூலில் நாற்பது நிமிஷத்துக்கு ஒரு மணி அடிப்பார்கள், மயிலைப் பற்றி வாசித்துக்கொண்டிருக்கிற பிள்ளை மயிலின் கழுத்தோடு நிறுத்திவிட்டு அடுத்த நோட்டை எடுக்கணும். இங்கே ஆரம்பித்தால் முடிகிறவரை. எறும்பு மூணு வாரம். ஒரு களிமண் சட்டி செய்ய நாலு நாள், சாப்பாட்டு மேஜை முழுக்க மண், ஹேமா நாலு நாளும் நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்குப் போனாள். விளையாட்டும் அப்படியேதான். ரெண்டு பெட்ரூம் வீட்டில் ஒளிய எத்தனை இடம் இருக்கும்? பீரோ சந்து, கட்டிலடி, வாஷிங் மெஷினுக்குப் பின்னால். மூணும் தெரிந்தும் தெரியாதவனாகத் தேடுவான். "எங்க போச்சு இந்தப் புள்ள, காக்கா தூக்கிட்டுப் போயிருச்சா?" என்று புலம்பிக்கொண்டு அரிசி டப்பாவைத் திறந்து பார்ப்பான், ஷூவுக்குள் பார்ப்பான். ஒரு நாள் நடுவில் மோட்டார் பம்பு கம்பெனியிலிருந்து போன், அவன் வரைந்து அனுப்பின படத்தில் ஏதோ அளவு இடிக்கிறதாம். போனைக் காதில் வைத்துக்கொண்டே, "ஆமாங் சார், இல்லைங் சார், மாத்தித் தந்தர்றேனுங்" என்றபடியே அரை மணி நேரம் தேடினான், கட்டிலடியில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவது கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு தடவைகூடத் தேடாமல் விட்டதில்லை. அப்புறம் அவளுக்கு எப்படித் தெரியும், தேடுகிறவர்கள் பாதியில் விட்டுவிட்டுப் போவார்கள் என்று? வேறு எந்தப் பிள்ளைக்கும் அது அஞ்சு வயசிலேயே தெரியும். சத்தம் ஓய்ந்தால் தலையை நீட்டிப் பார்க்கும், எழுந்து வரும், "டேய், என்னைய ஏண்டா தேடல?" என்று ஒரு சண்டையைப் போடும், சண்டையோடு சண்டையாக நாய்க்குட்டியையும் தொட்டுவிடும். இவள் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஜெயித்துக்கொண்டிருப்பதாக நினைக்கிறாளோ என்னவோ. இதோ, காலில் எதையோ அடித்துக்கொள்கிறாள், கொசு. இதோ, தலையை நிமிர்த்துகிறாள். தனசேகரன் சட்டென்று போர்வைக்குப் பின்னால் போனான். பத்து எண்ணிவிட்டு எட்டிப் பார்த்தான். பழையபடி முழங்காலில் மோவாயை வைத்துக்கொண்டிருந்தாள். பார்த்திருக்கமாட்டாள்.

வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்கவைக்கிறவர்கள் மாசத்துக்கு ஒரு தடவை வடவள்ளிப் பக்கம் ஒரு தோட்டத்தில் கூடுவார்கள். புதுசாக வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான், மற்ற பிள்ளைகளோடு பழகத் தெரியாமல் போய்விடாதா? பதில் சொல்வது தனசேகரன்தான், வேறு யாரையும் சொல்லவிடமாட்டான். "ஒரே வயசுப் புள்ளைக முப்பதைப் புடிச்சு ஒரு ரூமுக்குள்ள அடைக்கறதுக்குப் பேருதான் பழக்கமுங்களா? எம் பொண்ணு காய்கறிக்காரரோட பேசறா, பேங்க் மேனேஜரோட பேசறா, மரம் அறுக்கறவரோட பேசறா, எண்பது வயசுக்காரரோட உக்காந்து வாதம் பண்றா." கை தட்டுவார்கள். ம்க்கும், நல்லாத் தட்டினார்கள். அத்தனையும் நிஜம்தான், ஒரு சொல் பொய்யில்லை. ஆனால் காய்கறிக்காரர் நின்று கேட்டார். பேங்க் மேனேஜர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பெரியவர்கள் எல்லாரும் குழந்தை என்றால் நிற்பார்கள், முடிக்கிறவரை காத்திருப்பார்கள், முடிந்ததும் கன்னத்தைத் தட்டுவார்கள். குழந்தைகள் நிற்கமாட்டார்கள். அது அவனுக்குத் தெரியாதா? அவனைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? எல்.கே.ஜி.யில் மிஸ் வாயில் விரலை வைத்து நிற்கச் சொன்னார்கள், வீட்டுக்கு வந்தும் பிள்ளை சுவர் ஓரமாக வாயில் விரலோடு நின்றது, அன்றைக்கே நிறுத்திவிட்டேன் என்று அந்தத் தோட்டத்தில் நூறு தடவை சொல்லியிருக்கிறான். அதுவும் நிஜம்தான். ஆனால் அவன் பயந்தது அந்த மிஸ்ஸுக்கா? மனசைத் தொட்டுச் சொல்லட்டும். மிஸ்ஸிடம் போய் ஒரு சத்தம் போட்டால் தீர்ந்தது. சுகந்தி. கூடப் படித்தவள். முப்பது வருஷமாக நினைக்காத பேரா அது, இல்லை முப்பது வருஷமாக நினைக்காமல் இருக்கப் பாடுபட்ட பேரா? அஞ்சாங்கிளாஸ், பீளமேட்டில், ஸ்கூல் விட்டதும் மைதானத்தில் ஐஸ்பாய். தேடினவன் தனசேகரன். சுகந்தி எண்ணெய் வழிகிற தலையோடு எப்போதும் பின்னாலேயே வருகிறவள், போ என்றாலும் போகாதவள். எல்லாரையும் பிடித்தாயிற்று, அவள் ஒருத்திதான் பாக்கி, புதுசாகக் கட்டிக்கொண்டிருந்த கட்டடத்துக்குள் செங்கல் அடுக்குக்குப் பின்னால் அவள் பாவாடை நுனி தெரிந்தது. தெரிந்தது! பார்த்துவிட்டுத்தான் திரும்பினான். "வாங்கடா போலாம்" என்றான். அவ்வளவு பேரும் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு கேட்டைத் தாண்டி ஓடினார்கள். ஏழு மணிக்கு அவள் அப்பா சைக்கிளில் வீடு வீடாக வந்து விசாரித்தார், இவன் அம்மா முந்தானைக்குப் பின்னால் நின்றுகொண்டு தெரியாது என்றான். மறுநாள் சுகந்தி வந்தாள், கை கால் எல்லாம் கொசு கடித்த தடிப்பு, நேராக இவனிடம் வந்தாள், அழவில்லை, திட்டவில்லை. "நீ என்னையக் கண்டுபுடிக்கவே இல்ல. அப்ப நான்தானே ஜெயிச்சேன்?" என்றாள். "ஆமா" என்றான். இதைத்தான் அவன் எந்தத் தோட்டத்திலும் சொன்னதில்லை, ஹேமாவிடமும் சொன்னதில்லை. மிஸ்களுக்குப் பயந்து அவன் பெண்ணைப் பூட்டி வைக்கவில்லை. தன்னை மாதிரிப் பிள்ளைகளுக்குப் பயந்து வைத்திருந்தான்.

இங்கிருந்தே கூப்பிட்டால் என்ன? "குறிஞ்சீ!" என்று ஒரு குரல். கூப்பிடலாம், கீழே இறங்கினதாக ஆகாது. ஆனால் அத்தனை பிள்ளைகளும் நிமிரும், இவனைப் பார்க்கும், இவன் பார்வை போகிற இடத்தைப் பார்க்கும், காருக்குப் பின்னாலிருந்து கொசுக்கடியோடு ஒரு பெண் எழுந்திருக்கும், அதுவரை இருக்கிறாள் என்பதே ஞாபகம் இல்லாத அத்தனை கண்ணும் அவள்மேல் விழும். "இவ்ளோ நேரம் அங்கயா இருந்தே?" என்று குண்டுப் பையன் சிரிப்பான். அப்புறம் கீழே போவாளா அவள், இந்த ஜென்மத்தில்? இன்டர்காமில் வாட்ச்மேனிடம் சொல்லலாம். உள்ளே போய் ரிசீவரைக் கையில் எடுத்தேவிட்டான். என்னவென்று சொல்வது? வாட்ச்மேன் நல்ல மனுஷர், ஆனால் அவருக்கு மெதுவாகப் பேச வராது, "பாப்பா, உங்கப்பா கூப்புடறாரு, வெளிய வா" என்று அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்துவார். ரிசீவரை வைத்தான். அந்த நேரத்தில் செல்போன் அடித்தது, ஹேமா. ஆபீசிலிருந்து கிளம்புகிறாள் போல, பின்னால் வண்டிச் சத்தம். "எப்படிப் போகுதுங்க?" என்று கேட்டாள். அந்தக் குரலில் ஆசை இருந்தது. ஜூன், ஸ்கூல், பேச்சு ஒன்றும் அதில் இல்லை, பிள்ளை விளையாடுகிறாளா என்று மட்டும் இருந்தது. "நல்லா வெளையாடறா" என்றான். "நெசமாலுமா?" "ஆமா. ஐஸ்பாய்." "ஐஸ்பாயா! அவளுக்குச் சா பூ த்ரீ எல்லாம் தெரியுமாங்க?" "எல்லாம் கத்துக்கிட்டா." ஹேமா சிரித்தாள். இந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! "சரி, அங்கயே நின்னு மொறச்சுப் பாத்துட்டு இருக்காதீங்க. உள்ள போயி ஒரு டீயப் போட்டுக் குடிங்க. வந்தர்றேன்" என்று வைத்தாள். அவன் பால்கனிக்கு ஓடினான். மஞ்சள் கவுன் அங்கேயே இருந்தது.

ஆறு மணி. ஆறு ஒன்று. நாய்க்குட்டி படுத்துக்கொண்டது, பிள்ளைகள் அதைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன, தன்ஷிகா ஓடிப்போய் ஒரு கிண்ணத்தில் பால் எடுத்துவந்தாள், யாருக்கும் யாரையும் தேடுகிற உத்தேசம் இல்லை. சுவர் ஓரமாகச் சருகு எவ்வளவு கிடக்கிறது. போன மாசம்தான் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற அம்மா அங்கே ஏதோ சட்டை உரித்துப் போட்டிருந்ததென்று சொன்னது. பாம்பாக இருக்காது. இருந்தால்? அவள் அசையாமல் உட்கார்ந்தால் ஒன்றும் செய்யாது என்று இவன்தானே பாடம் நடத்தினான், அசையாமல்தான் உட்காருவாள், கடித்தாலும் உட்காருவாள், ஆரம்பித்ததை முடிக்கிறவரை. தலை குனிந்திருக்கிறதே, தூங்கிவிட்டாளா, மயக்கமா? மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை. ரெண்டு வாய் ரசம் சோறு. ஒரு ஸ்கூட்டர் அந்தப் பக்கமாக ரிவர்ஸ் எடுத்தது, இவன் கம்பியை இறுகப் பிடித்தான், ஸ்கூட்டர் நேராகி வெளியே போயிற்று. இன்னும் பத்து நிமிஷம், தனசேகரா, பத்தே நிமிஷம், பல்லைக் கடித்துக்கொள். பத்து நிமிஷத்தில் ஆறேகால் ஆகிவிடும், பேச்சுப்படி நீ ஜெயித்துவிடுவாய், ஹேமா வாயே திறக்கமாட்டாள், நாளைக்கு எறும்பைத் தொடரலாம். எவ்வளவு ஈனமான ஜெயிப்பு. அங்கே ஒரு பிள்ளை கொசுவுக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, இங்கே இவன் கடிகாரத்தைப் பார்க்கிறான். ஸ்கூலாவது மண்ணாவது, சேர்த்தால் சேர்க்கட்டும். அவனுக்குச் செருப்புக்கூடக் கிடைக்கவில்லை. லிஃப்டு எட்டாவது மாடியில் நின்றது, படியில் இறங்கினான், ரெண்டு ரெண்டு படியாக, இறங்குகிறவரை அவள் கண்ணில் படமாட்டாள் என்பதே தாங்க முடியவில்லை, ரெண்டாவது மாடித் திருப்பத்தில் முழங்காலைச் சுவரில் இடித்துக்கொண்டான். தரையில் கால் வைத்ததும் நடையை மெதுவாக்கினான். வண்டியில் எதையோ மறந்துவைத்த ஆள் மாதிரி ஸ்கூட்டர்களைப் பார்த்துக்கொண்டே நடந்தான். பிள்ளைகளில் ஒன்றுகூட நிமிரவில்லை. காரைச் சுற்றி வந்து, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு சந்துக்குள் ஒருக்களித்து நுழைந்து, அவள் பக்கத்தில் குந்தினான்.

"அம்மிணி."

அவள் திடுக்கிடவில்லை. வருவான் என்று தெரிந்தவள் மாதிரி திரும்பிப் பார்த்தாள். கண் தெளிவாக இருந்தது, மயக்கமும் இல்லை, அழுகையும் இல்லை. முழங்காலுக்குக் கீழே ஏழெட்டுத் தடிப்பு.

"கண்ணு, அவங்க எல்லாம்..." என்று ஆரம்பித்தான். எப்படிச் சொல்வது? என்ன வார்த்தையைப் போடுவது?

"தெரியும்ப்பா."

"என்ன தெரியும்?"

"ஆட்டம் முடிஞ்சிருச்சு. லோகித் நாய்க்குட்டி கொண்டாந்தானில்ல, அப்பவே. யாரும் சொல்லல, ஆனா முடிஞ்சிருச்சு. சத்தத்துலயே தெரிஞ்சுது."

"அப்பறம் ஏன் சாமி இங்கயே உக்காந்திருக்கே? எந்திரிச்சு வந்திருக்கலாமில்ல?"

அவள் தலையை நிமிர்த்தி நாலாவது மாடியைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். போர்வை தொங்கியது, அதற்குக் கீழே கம்பி இடைவெளியில் பால்கனி விளிம்பு நன்றாகத் தெரிந்தது.

"நீங்க அங்கயே நின்னுட்டிருந்தீங்க" என்றாள். "போர்வைக்குப் பின்னால போனப்பக்கூட கால் தெரிஞ்சுது."

"நின்னா என்ன?"

"நான் வெளிய வந்தா, என்னைய யாரும் தேடலங்கறது உங்களுக்குத் தெரிஞ்சிரும். அப்பறம் உங்க மூஞ்சி ஒரு மாதிரி ஆயிரும். பொள்ளாச்சியில பந்தியில எல்லாரும் சிரிச்சாங்கல்ல, அப்ப ஆச்சே, அந்த மாதிரி." குச்சி ஒன்றால் மண்ணைக் கிளறினாள். "நீங்க உள்ள போயிருவீங்க, அப்பறம் எந்திரிச்சுப் போலாம்னு பாத்துட்டே இருந்தேன். ஒருக்கா உள்ள போனீங்க. எந்திரிச்சேன். ஒடனே வந்துட்டீங்க."

அது இன்டர்காமை எடுக்கப் போனபோது. ஹேமா பேசினபோது. தனசேகரனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இப்போது ஏதாவது ஒரு மாதிரி ஆகிவிடப் போகிறதே என்று பயந்து, சுவரைப் பார்த்தான், டயரைப் பார்த்தான். பேங்க் மேனேஜர், காய்கறிக்காரர் என்று ஊரெல்லாம் அடுக்கினானே, ஆறு வருஷத்தில் இந்தப் பிள்ளை படித்த ஒரே மனுஷமுகம் அவனுடையதுதான். ஒரு சுருக்கம் விடாமல் படித்து வைத்திருக்கிறது. எறும்பைவிட நன்றாகப் படித்திருக்கிறது. அரை மணி நேரமாக அவள் ஒளிந்திருந்தது பிள்ளைகளிடமிருந்து இல்லை.

"நாய்க்குட்டியப் பாக்கணுமா?" என்று கேட்டான்.

"உம்." அப்புறம், "அது பேரு என்னன்னு கேக்கணும்" என்றாள்.

"வா, அப்பா கூட்டிட்டுப் போறேன்" என்று வாய் வரை வந்தது. விழுங்கினான். உயிரே போகிற மாதிரி இருந்தது, விழுங்கிவிட்டான்.

"நான் மேல போகட்டுமா?"

அவள் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பார்த்து, போகலாம் என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். "நீங்க மொதல்ல போங்க. பால்கனியில நிக்காதீங்க" என்றாள். "ஹால் ஜன்னல்லயும் வேண்டாம்ப்பா."

தனசேகரன் படியேறினான். இறங்கும்போது தெரியாத முழங்கால் வலி இப்போது படிக்குப் படி தெரிந்தது. வீட்டுக்குள் போனான், பால்கனிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான், ஹால் ஜன்னலைக் கடக்கும்போது தலையைத் திருப்பாமல் கடந்தான், கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது, திரும்பவிடவில்லை. சமையலறைக்கு மட்டும்தான் அந்தப் பக்கம் ஜன்னல் கிடையாது. அங்கே போய்க் கேஸ் சிலிண்டர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். கீழேயிருந்து பிள்ளைகள் சத்தம் கலங்கலாக வந்தது. திடீரென்று ஒரு கூச்சல் எழுந்தது. சிரிப்பா, சண்டையா? அவளைப் பார்த்துக் கூச்சல் போட்டார்களா, அவளும் சேர்ந்து போட்டாளா? எழுந்திருக்கப் போனவன் ரெண்டு கையாலும் தரையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தே இருந்தான். போன் அடித்தது.

"சிக்னல்ல நிக்கறேன், பால் வாங்கிட்டு வரணுமா?" என்றாள் ஹேமா.

"ஹேமா, நான் கீழ போயிட்டேன்."

"சரி" என்றாள். அதில் ஜெயித்த சந்தோஷம் ஒன்றும் இல்லை. "இப்ப எங்க இருக்கீங்க?"

"மேலதான். சமையக்கட்டுல."

"அவ என்ன பண்ணிட்டிருக்கா?"

குறிஞ்சியின் நாலு வயசிலிருந்து அந்தக் கேள்விக்கு அவன் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. ஆபீசிலிருந்து ஹேமா எப்போது கேட்டாலும், படம் வரைகிறாள், தூங்குகிறாள், தயிர்சாதத்தை ஒதுக்கி வைத்திருக்கிறாள் என்று நொடியில் சொல்லிவிடுவான்.

"தெரியல, ஹேமா" என்றான் தனசேகரன்.